பாடுவோர்க்கே பலன்

சவுல் அரசன் மனக்கலக்கத்தால் வருந்திய வேளைகளில் தாவீது யாழ் மீட்டினான். அரசனும் ஆறுதலடைந்தான் என்று சாமுவேல் முதலாம் ஆகமம் (16:23) கூறுகின்றது. இசை மருந்தாகும் என்பதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் சான்று இது. ஆனால் சவுல் கேட்டுக்கொண்டிருந்தானேயன்றிப் பாடவில்லை. பின்னொருநாள் அதே யாழோசையின் நடுவே தாவீதின்மேல் ஈட்டியையும் எறிந்தான்!

பாடுகின்றவரின் மூச்சு ஆழமாக உட்சென்று மெதுவாக வெளியேறுகின்றது. ஆடுகின்றவர் காலடி, தாளம், அடுத்தவரின் அசைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே கவனிக்கவேண்டும். நியூயோர்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நடனமாடி வந்தோரிடையே மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. நடனமே காரணம் என்று அவ்வாய்வு அறுதியிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

நம் கரையோரப் பங்குகளில் இது புதிதன்று. அர்ச்சியசிட்டவர்களின் சரித்திரங்களை அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்குவார். பகலில் வலை இழுத்தவன் இரவில் அரசனாக நின்று உச்சக்குரலில் பாடுவான். எழுத்தறியாதவரும் நீண்ட பாட்டுக்களை மனனஞ் செய்தனர். இன்றோ கோவிலிலும்கூட ஒலிபெருக்கியின் முன் நால்வர் பாட, மற்றோர் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். விசுவாசிகள் எல்லாரும் வழிபாட்டில் முனைந்து பங்குபற்ற வேண்டுமென 1963இல் பொதுச்சங்கம் கேட்டதை எங்கே வைத்தோமோ தெரியவில்லை.

பாரிசவாதத்தால் பேச்சிழந்த முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டுசென்றிருந்தேன். மனைவியின் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. இளமையில் மூவிராசாக்கள் கூத்தில் ஆடியவர். மகள் அவரது வரவுப் பாட்டைத் தொடங்கினார். முதியவர் சொற்பிசகாமல் இரண்டு அடி பாடிவிட்டார். வீட்டார் புதுமை என்றனர். புதுமையன்று. பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாதியில் உள்ளது. பாட்டுக்கோ வலப்பாதியும் துணைசெய்கின்றது. இதையே பற்றிக்கொண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர்கள், சிறுசிறு வசனங்களை இராகமாக இழுத்துச் சொல்லப் பழக்கும் முறையொன்றை 1973இல் வெளியிட்டனர். எல்லார்க்கும் அது பலிப்பதில்லை. பயிற்சியும் நெடுங்காலம் வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படியொருவர் இருந்தால், பேச்சுப் பயிற்சியாளரிடம் இம்முறை பற்றிக் கேளுங்கள். இரவுச் செபத்தின்போது அவரை அறைக்குள் விட்டுவிடாமல் நடுவே இருத்துங்கள். அவர் சிறுவயதிலே படித்த பாட்டாக ஒன்றை எடுத்து மெதுவாகத் தொடங்கி, அடியின் கடைசிச் சொல்லை மட்டும் அவருக்கு விடுங்கள். வராவிட்டால் அவசரப்படுத்தாமல் அடுத்த அடிக்குப் போங்கள். நாளைக்கும் அதே பாட்டையே எடுங்கள்.