ஊனுண்ணும் உழவர்கள்

விதை பரவுதல் என்னும் பாடத்தைப் படிக்காமல் தாவரவியல் மாணவர் எவரும் தேர்வு எழுதியிருக்க முடியாது. எருக்கின் விதை காற்றில் பறக்கிறது. தேங்காய் நீரில் மிதக்கிறது. காசித்தும்பையின் கனி வெடித்துச் சிதறுகிறது. நாயுருவி நம் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. விலங்குகள் என்ற தலைப்பின்கீழ்ப் பறவை, வௌவால், குரங்கு, யானை என்று எழுதி முடித்துவிடுவோம். நரிக்கும் கரடிக்கும் அங்கே இடம் கொடுப்பதில்லை. அவை விலங்கியல் நண்பர்களின் வகுப்பில், ஊனுண்ணிகள் என்ற வரிசையில் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை நம் வகுப்புக்கும் அழைத்து வருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழம் தின்னும் ஊனுண்ணிகள்

கார்னிவோரா என்னும் வரிசையைச் சேர்ந்த விலங்குகள் எல்லாம் இறைச்சியை மட்டுமே தின்று வாழ்வன அல்ல. எலியும் நண்டும் பிடிக்கும் நரி, இலந்தை பழுக்கும் காலத்தில் அப்பழத்தையும் வயிறாரத் தின்னும். கறையான் புற்றைத் தோண்டும் கரடி, நாவற்பழத்தையும் கொன்றைக் காயின் உள்ளிருக்கும் இனிய சதையையும் நாடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் பழுப்பு மரநாய்க்குப் பழமே முதன்மை உணவு என்பதைக் களக்காடு-முண்டந்துறை மழைக்காட்டில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

இவ்விலங்குகளின் உடலமைப்பு விதைக்குப் பெரிதும் துணைசெய்கிறது. மாட்டின் கடைவாய்ப்பல் அரைப்பதற்கானது. நரியின் கடைவாய்ப்பல் பெரிதும் வெட்டுவதற்கானது. ஆகவே பழத்தை அது மெல்லாமல் விழுங்கிவிடுகிறது. குடலும் தாவர உண்ணிகளின் குடலைவிடக் குட்டையானது. விதை அதிகம் சிதையாமல் வெளியே வந்துவிடும்.

பொங்கல் விடுமுறையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் நரியின் எச்சம் ஒன்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். உடன் வந்த தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டான். எலியின் மயிரோடு கலந்து இலந்தைக் கொட்டைகள் முழுமுழுதாகக் கிடந்தன. அவை கிடந்த இடமும் கருதத்தக்கது. தன் எல்லையை அறிவிக்கும் பொருட்டு நரி கரை, வரப்பு, ஒற்றையடிப் பாதை போன்ற திறந்த வெளிகளில் எச்சமிடும். வெயிலை விரும்பும் இலந்தைக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் ஏது?

இரையின் வயிற்றில் ஏறிவரும் விதை

பழத்தைத் தொடாத விலங்கும் விதையைச் சுமப்பதுண்டு. விதையைத் தின்ற பறவையையோ மீனையோ அது தின்றால் போதும். இதை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் டார்வின். இறந்த மீன்களின் வயிற்றில் விதைகளைத் திணித்து, அம்மீன்களை மீன் தின்னும் கழுகு, நாரை, கூழைக்கடா ஆகியவற்றுக்குக் கொடுத்தார். பல மணி நேரம் கழித்து அப்பறவைகள் விதைகளைக் கக்கின. அல்லது எச்சத்தோடு வெளியேற்றின. சில வகை விதைகள் செத்துப்போயின. வேறு சில முளைக்கும் திறனை இழக்கவில்லை. 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூலில் இதை அவர் எழுதியிருக்கிறார்.

அர்ஜென்டினா நாட்டில் பூமா என்னும் பெரிய பூனையினம் புறாக்களை வேட்டையாடுகிறது. புறாவின் இரைப்பையில் இருந்த களைச்செடி விதைகள் பூமாவின் எச்சத்தில் வெளிவந்து பரவுவதை 2016-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். புறா செத்தது, அதன் வயிற்றிலிருந்த விதையோ பயணத்தைத் தொடர்ந்தது.

மலையேறும் விதை

அதே 2016-இல் ஜப்பானிலிருந்து வந்த செய்தி இன்னும் வியப்பானது. அங்கே மலைகளில் காட்டுச் செர்ரி அடிவாரத்தில் முதலில் பழுக்கும். பிறகு மேலே மேலே பழுக்கும். கரடி பழத்தைத் தொடர்ந்து மலையேறுகிறது; விதையும் உடன் ஏறுகிறது. விதையிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு தாய்மரம் நின்ற உயரத்தைக் கணக்கிட்டனர். சராசரியாக 300 மீட்டர் மேலே விதை சென்றிருந்தது. அங்கே வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் குறைவு. உலகம் சூடேறிவரும் இந்நாளில், நடக்க இயலாத மரம் குளிர்ந்த இடம் தேடிச் செல்லக் கரடியே கால்களாகிறது.

நாம் செய்யவேண்டியது

இவ்வுழவர்கள் நல்விதை, களைவிதை என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உண்ணிச்செடியின் கனியையும் கரடி தின்னும்; அதன் விதையும் காட்டில் பரவும். வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவந்து நட்டவன் மனிதன். அந்தப் பழியைக் கரடியின்மேல் சுமத்துவது முறையன்று.

நரி முகத்தில் விழித்தால் நன்மை என்பார்கள். அதே நரியைக் கண்ணிவைத்துப் பிடித்து, இல்லாத கொம்பை நரிக்கொம்பு என்று தாயத்தில் வைத்து விற்போரும் நம்மிடையே உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரிக்கும் பொருந்தும். ஆனால் சட்டத்தைவிட, அவ்விலங்கு நமக்கு என்ன செய்கிறது என்ற அறிவே அதற்கு வலுவான காவல். நரி போனால் எலி பெருகும் என்று உழவர்கள் அறிவார்கள். தரிசில் இலந்தையை விதைப்பவர்களுள் ஒருவரும் போய்விடுவார் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டும். தாவரவியல் பயிலும் நண்பர்களே, அடுத்த தேர்வில் விதை பரவுதல் பற்றிய வினா வந்தால், யானைக்குப் பக்கத்தில் நரிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.