பரலோகக் குடியுரிமையும் பூமிக்குரிய பிரஜாவுரிமையும்

கிறிஸ்தவம் – க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வழிகாட்டி
வாசிக்க வேண்டிய பகுதிகள்: பிலிப்பியர் 3:17–21, அப்போஸ்தலர் 16:11–40



இப்பாடம் தொடர்பான வினாவைக் கண்டவுடன் பலர் ஒரே வாக்கியத்தில் விடை எழுதி முடித்துவிடுவர். "கிறிஸ்தவனின் நாடு பரலோகம், ஆகையால் பூமியில் உள்ள நாடு அவனுக்கு முக்கியமில்லை" என்பதே அவ்விடை. இதன் முதற்பாதி சரியானது. இரண்டாம் பாதி பிழையானது. அது ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பிலிப்பி நகரமும் பவுல் பயன்படுத்திய சொல்லும்

பிலிப்பி மக்கெதோனியாவில் இருந்த நகரம். மன்னன் இரண்டாம் பிலிப்பின் பெயரால் அழைக்கப்பட்டது. கி.மு. 42இல் அங்கு நடந்த பெரும் போருக்குப் பின்னர் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். நகரம் ரோமக் குடியேற்ற நகரமாக்கப்பட்டது. ரோமிலிருந்து வெகுதூரத்தில் இருந்தபோதிலும் அங்கு ரோமச் சட்டமே நடைமுறையில் இருந்தது. பவுலையும் சீலாவையும் குற்றஞ்சாட்டியோர் தங்களை ரோமர் என்று பெருமையுடன் சொல்லிக்கொண்டதை அப். 16:21இல் காணலாம்.

இந்த நகரத்துச் சபைக்கே பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். பிலி. 3:20இல் அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல் 'பொலிதெயுமா' என்பதாகும். ஒரு நகரின் குடிமக்கள் சமூகத்தையும் அதன் ஆட்சிமுறையையும் அது குறிக்கும். பழைய தமிழ் வேதாகமத்தில் இச்சொல் 'குடியிருப்பு' என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. குடியிருப்பு என்றவுடன் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லயக் காம்பராவே நினைவுக்கு வரும். ஆனால் பவுல் கருதியது வசிக்கும் வீட்டை அல்ல. ஒருவர் எந்த அரசின் குடிமகனாக இருக்கிறார், எந்தச் சட்டத்தின்படி நடக்கிறார் என்பதையே அவர் கருதினார். இதே சொல்லின் வினைவடிவத்தை பிலி. 1:27இலும் அவர் பயன்படுத்துகிறார்.

பிலிப்பியில் இருந்த ரோமக் குடிமகன் என்றோ ஒருநாள் ரோமுக்குத் திரும்பிப் போவதற்காகக் காத்திருக்கவில்லை. இருக்கும் இடத்திலேயே ரோமனாக வாழ்வதே அவனது கடமை. அவ்வாறே பரலோகக் குடிமகனும் இங்கிருந்து தப்பிச் செல்லும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவன் அல்லன். பரலோகத்தின் நீதியை இங்கே வாழ்ந்து காட்டுபவன். இரட்சகர் அங்கிருந்து இங்கு வருவதையே அவ்வசனம் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பவுல் தனது குடியுரிமையைக் கைவிட்டாரா?

கைவிடவில்லை. விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட பிலிப்பி நகர அதிகாரிகள், மறுநாள் காலையில் அவரை இரகசியமாக அனுப்பிவிட முயன்றனர். பவுல் போக மறுத்தார். தாம் ரோமர் என்பதைத் தெரிவித்து, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துச்செல்ல வேண்டும் என்றார். அவர்களும் பயந்து வந்தார்கள் (அப். 16:37–39). எருசலேமில் சவுக்கால் அடிக்கப்படவிருந்தபோதும் இதே உரிமையைக் கூறினார். அங்கிருந்த சேனாபதி பெருந்தொகை கொடுத்து வாங்கிய உரிமை பவுலுக்குப் பிறப்பால் கிடைத்திருந்தது (அப். 22:25–28). இறுதியில் இராயனிடமே அபயமிட்டார் (அப். 25:11).

பிலிப்பிச் சம்பவத்தை இன்னும் சற்று ஆழமாக நோக்க வேண்டும். விடுதலை கிடைத்த பின்னரே பவுல் தன் உரிமையைக் கோரினார். ஆகவே தன்னைக் காப்பாற்றுவது அவரது நோக்கமாக இருந்திருக்க முடியாது. அவர் போன பின்பும் லீதியாளும் சிறைச்சாலைக்காரனின் குடும்பமும் அந்த ஊரிலேயே வாழ வேண்டியவர்கள். பவுலைப் பகிரங்கமாக அழைத்துச்செல்லும் அதிகாரிகள், புதிய விசுவாசிகள்மீது கைவைக்கத் தயங்குவார்கள். தன் கையில் உள்ள உரிமையை மற்றவர்களின் பாதுகாப்புக்காகப் பயன்படுத்தினார் என்றே இதனைக் கொள்ளலாம். பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதியவரும் இவரே என்பதை மறந்துவிட வேண்டாம்.

எமது மாகாணத்தின் வரலாறு

இப்போதனையை ஊவா மாகாணத்து மக்களின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். கொழும்பிலிருந்து வரும் பிரதான வீதி பெரகலவில் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக மேலே பதுளைப் பக்கம் போகிறது. மற்றது கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இவ்வீதிகளின் இருபுறத் தோட்டங்களுக்கும் 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மக்கள் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்டனர். அவர்களிடையே நற்செய்திப் பணி செய்வதற்கென 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' ஆரம்பிக்கப்பட்டது. ஆன்மாவுக்குப் பரலோகக் குடியுரிமையை அறிவிக்க வந்த மிஷனும் தன் பெயரிலே 'கூலி' என்ற சொல்லைச் சுமந்திருந்தது. பெயர் பின்னரே மாற்றப்பட்டது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தாம் இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கு பிறந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தது. பதிவுச் சான்றில்லாத மக்களால் இதனைக் காட்ட முடியவில்லை. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தின் மூலம் வாக்குரிமையும் பறிபோனது. அதே ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியோர் பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள் நீலகிரியில் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். 1 பேதுரு 2:11இல் வரும் 'அந்நியரும் பரதேசிகளும்' என்ற சொற்கள் இம்மக்களுக்கு உவமையாக இருக்கவில்லை. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னரும் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. அவ்வாண்டு சுமார் 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள்.

ஹப்புத்தளையில் உள்ள புனித அந்திரேயா ஆலய வளவில் கவிஞர் டபிள்யு. எஸ். சீனியரின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. மிஷனரியான இவர் ஆங்கிலேயர். 1938இல் இங்கிலாந்தில் இறந்தார். இலங்கை மீதிருந்த பற்றினால் அவரது சாம்பல் இங்கு கொண்டுவரப்பட்டது. அவரது அன்பைக் குறைகூற இடமில்லை. ஆனால் அதே மலைச்சரிவில் மண்ணை வெட்டிப் பாதை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பத்து ஆண்டுகளுக்குப் பின் இந்த மண்ணுக்கு உரியவர் அல்லர் எனப்பட்டதையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

இப்போதனை அவர்களுக்கு என்ன பொருள் தந்தது?

வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி ஞாயிறு ஆராதனையில் பிலி. 4:3ஐக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பவுல் தம் உடன்வேலையாட்களின் பெயர்கள் ஜீவபுஸ்தகத்தில் இருப்பதாகக் கூறுகிறார். எந்தப் பாராளுமன்றமும் திருத்த முடியாத ஒரு பதிவேடு உண்டு. அதில் கங்காணியின் சிபாரிசோ தகப்பனின் பிறப்புச் சான்றிதழோ கேட்கப்படுவதில்லை. 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொற்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வெறும் ஆறுதல் அன்று. தாம் யார் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் முழுமையாக இல்லை என்ற அறிவு அது.

ஆயினும் இதே வசனத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் எளிது. நாடற்ற ஒருவரைப் பார்த்து, "உமக்குப் பரலோகம் இருக்கிறதே, பத்திரம் எதற்கு?" என்று அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் சொல்வாரானால், அது பவுலின் போதனை ஆகாது. பிலிப்பியில் பவுல் செய்தது அதற்கு நேர்மாறானது. பிரஜாவுரிமையில் எவ்வித ஐயமும் இல்லாத எஸ். ஜே. வி. செல்வநாயகம் என்ற கிறிஸ்தவ அரசியல்வாதி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணாயக்கார ஆண்டகை வறிய புதிய மறைமாவட்டத்துக்கு வந்து 1982இல் இறக்கும்வரை பணியாற்றினார். அதே 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதய நிலையத்தை ஆரம்பித்துத் தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தார். இவ்விரு குருக்களும் மலையகத் தமிழர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

அரசுக்கும் இனத்துக்கும் எதுவரை?

வேதம் அரசுக்குரிய கடமையை மறுக்கவில்லை. ரோமர் 13:1–7ஐயும், சிறைப்பட்டுச் சென்ற நகரத்தின் நன்மைக்காக ஜெபிக்கும்படி கூறும் எரேமியா 29:7ஐயும் வாசியுங்கள். 2ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட தியோக்னேத்துவுக்கான கடிதமும் கிறிஸ்தவர்கள் தம் ஊராரின் மொழியிலும் உடையிலும் உணவிலும் வேறுபடுவதில்லை என்றே விளக்குகிறது. எல்லை அப். 5:29இல் உள்ளது. அரசின் கட்டளை தேவனுடைய நீதிக்கு மாறானால் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும்.

இனப்பற்றுக்கும் இதே எல்லை உண்டு. எமது சபைகளில் சிங்களவரும் தமிழரும் ஒரே பந்தியில் அப்பம் உண்கின்றனர். 1983 ஜூலையில் பதுளை நகரிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அத்தகைய நாளில் எபேசியர் 2:19 ஒரு மனனப் பகுதியாக இருக்க முடியாது. அயலவருக்குக் கதவைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் ஒருவரின் முதற் குடியுரிமை எதுவென்று தெரியவரும்.

விடை எழுதும்போது

வசன எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாமல் அது கூறப்பட்ட சூழலையும் ஒரு வாக்கியத்திலாவது எழுதுங்கள். பிலிப்பி ரோமக் குடியேற்ற நகரம் என்ற குறிப்பை விட்டுவிட்டால் விடையின் உயிரே போய்விடும். 'பரலோகம்' என்ற சொல்லை இறந்தபின் செல்லும் இடம் என்ற பொருளில் மாத்திரம் எழுத வேண்டாம். உள்ளூர் உதாரணம் கேட்கப்பட்டால் சட்டத்தின் ஆண்டைச் சரியாகக் குறிப்பிடுங்கள். 1948ஐயும் 1964ஐயும் மாற்றி எழுதுவோர் உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. பிலிப்பி நகரின் வரலாறு பிலி. 3:20ஐ விளங்கிக்கொள்ள எவ்வாறு உதவுகிறது?

2. விடுதலையான பின்பும் பவுல் தனது ரோமக் குடியுரிமையைக் கோரியது ஏன்? அப். 16ஐ ஆதாரமாகக் கொண்டு விளக்குக.

3. ரோமர் 13:1–7உம் அப். 5:29உம் ஒன்றுக்கொன்று முரணானவையா? உமது கருத்தை எழுதுக.

4. உமது தோட்டத்தில் அல்லது ஊரில் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பிரிந்துபோன குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடம், எந்த நாட்டைத் தம் சொந்த நாடாக எண்ணுகிறார் எனக் கேட்டறிக. அவரது விடையை எபிரெயர் 11:13–16உடன் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதுக.