தாராசுரத்தில் முடிச்சு, அவலாஞ்சியில் மீன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராசுரத்தில் ட்ரவுட் மீன் கிடையாது. அரசலாற்றங்கரையில் தவம் கிடந்தாலும் கிடைக்காது. ட்ரவுட்டுக்கு 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். டெல்டா வாய்க்கால் கோடையில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். விராலும் கெளுத்தியும் அதைத் தாங்கும், ட்ரவுட் தாங்காது.

அப்படியானால் இங்கே எதற்கு வர வேண்டும்? ட்ரவுட் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் என்பது புழு கோத்துத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை இல்லை. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றிப் போலிப் பூச்சி ஒன்றைக் கட்ட வேண்டும். அதுதான் ஃப்ளை. எடையே இல்லாத அந்தப் பூச்சியைக் கனமான லைனின் வேகத்தால் தண்ணீர்மேல் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். கட்டுவதும் வீசுவதும் கைப்பழக்கம். ட்ரவுட் இருக்கும் ஊட்டிக்கு நேராகப் போய் அங்கே பழக நினைப்பவர்களின் லைன் பாதி நேரம் மரக்கிளையில்தான் இருக்கும். தாராசுரத்தில் பட்டு நூலும் சரிகையும் தறிக்காரர் வீட்டில் இருக்கின்றன, சேவல் இறகு கறிக்கடையில் இருக்கிறது, கொத்திப் பார்க்கக் கெண்டை வாய்க்காலில் இருக்கிறது. மூன்று நாள் இங்கே பழகுங்கள், பிறகு மலை ஏறுங்கள்.

ஒரு விதத்தில் அதே தண்ணீரைத்தான் எதிர்த்துப் போகிறீர்கள். ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சி ஓடை குந்தா ஆற்றில் சேர்கிறது, குந்தா பவானியில், பவானி கூடுதுறையில் காவிரியில். அந்தக் காவிரியின் கிளைதான் தாராசுரத்துக்குத் தெற்கே ஓடும் அரசலாறு.

எப்போது வரலாம்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். புதுத் தண்ணீர் வரும் ஆடியில் ஆறு பார்க்க அழகு, ஆனால் செம்மண் கலங்கலில் மீனுக்குப் பூச்சி தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதே கதை. தை, மாசிதான் தோது. வரத்து குறைந்து தண்ணீர் தெளியும், மீன் மடுக்களில் ஒதுங்கும், சம்பா அறுத்த வயல் வெறுமையாகக் கிடக்கும். வீசிப் பழக அதைவிட நல்ல திடல் கிடைக்காது.

வந்து சேர

கும்பகோணத்துக்கு மேற்கே சுமார் 4 கி.மீ.யில் தாராசுரம். தஞ்சாவூர் போகும் டவுன் பஸ் நிற்கும், ஆட்டோவும் உண்டு. ஊருக்கென்று ஒரு சின்ன ரயில் நிலையம் இருந்தாலும் விரைவு வண்டிக்குக் கும்பகோணம்தான். தங்குவதற்கும் கும்பகோணமே வசதி.

முதலில் கோயில்

இரண்டாம் ராஜராஜன் 12-ம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். தேர் மண்டபத்தையும் இசைப் படிகளையும் எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் கருவறைச் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். பெரிய புராணத்து நாயன்மார் கதைகள் சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகின்றன. நாகப்பட்டினத்துப் பரதவரான அதிபத்த நாயனாரை அந்த வரிசையில் தேடுங்கள். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுபவர் அவர். ஒரு நாள் ஒரே ஒரு மீன், அதுவும் பொன்மீன், கிடைத்தபோதும் அதையும் விட்டார் என்பது கதை. பிடித்த மீனைத் திரும்ப விடும் வழக்கத்தைச் சீமைப் பழக்கம் என்று யாராவது சொன்னால் அவரை இங்கே அழைத்து வாருங்கள்.

தூண்டில் விளையாட்டும் வெள்ளைக்காரர் கொண்டுவந்ததல்ல. இந்தக் கோயில் எழுந்த அதே நூற்றாண்டில் கல்யாணபுரத்துச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூல், அரசர் பொழுதுபோக்குகளில் ஒன்றாகத் தூண்டில் மீன்பிடிப்பை வைத்து மீன் வகை, இரை, கயிறு எல்லாவற்றையும் விவரிக்கிறது. அந்தக் கல்யாணபுரத்தை 11-ம் நூற்றாண்டில் வென்ற முதலாம் ராஜாதிராஜன் எடுத்துவந்த துவாரபாலகர் சிலை நெடுங்காலம் தாராசுரத்தில்தான் இருந்தது. இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் பார்க்கலாம்.

பொருள் சேர்ப்பது

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நெசவாளர் வீடுகள். தறிச் சத்தம் கேட்கும் வீட்டு வாசலில் நின்று கேட்டால், பாவு பிணைத்தபின் மிஞ்சும் நூல் துண்டும் அறுந்த சரிகையும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது முழ அளவுதான். இருந்தாலும் சும்மா வாங்காதீர்கள், உரிய காசைக் கொடுங்கள். பட்டு நூல் முறுக்கேறியிருக்கும். முறுக்கைப் பிரித்து ஒற்றை இழையாக எடுத்துத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். முள்ளில் வழுக்காது.

இறகுக்குக் கும்பகோணத்து நாட்டுக்கோழிக் கடை. சேவலின் கழுத்து இறகு ஒடுக்கமாக, விறைப்பாக இருக்கும், மிதக்கும் ஃப்ளைக்கு அதுதான். கோழி இறகு மெத்தென்று தண்ணீரை உறிஞ்சும், மூழ்கும் ஃப்ளைக்கு அது. சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டை போட்டு டப்பாவில் மூடி வையுங்கள்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: காட்டுக்கோழி. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுச்சேவல் கழுத்தில் மெழுகு சொட்டியதுபோல் மின்னும் புள்ளிகள் உண்டு. இங்கிலாந்தின் சால்மன் ஃப்ளைகளில் அந்த இறகுக்கு ஒரு காலத்தில் அத்தனை கிராக்கி. இன்று அது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை. மான் முடியும் அப்படித்தான்.

முள், கம்பு, லைன் மூன்றையும் உங்கள் ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள். 9 அடி நீளமுள்ள 5-ம் எண் கம்பும் அதற்கேற்ற மிதக்கும் லைனும் கெண்டைக்கும் ட்ரவுட்டுக்கும் பொது. 12, 14 எண் முள் போதும். லைனின் நுனியில் கட்ட மெல்லிய தங்கூசி ஒரு சுருள்.

ஈசல் கட்டுவோம்

முதல் ஃப்ளையாக ஈசலைக் கட்டுங்கள். மழைக்குப்பின் ஈசல் கிளம்பும் மாலையில், அது விழுந்த இடமெல்லாம் கெண்டை வாய் பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையிலும் ஈசல் உண்டு.

முள்ளைச் சிறிய வைஸில் படுக்கையாக மாட்டுங்கள். முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னால் நூலைத் தொடங்கி, நெருக்கமாகச் சுற்றி வளைவு வரை போங்கள். அங்கே ஒரு துண்டுச் சரிகையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பழுப்புப் பட்டிழையால் பின்பக்கம் பருத்தும் முன்பக்கம் மெலிந்தும் உடலைச் சுற்றுங்கள். அதன்மேல் சரிகையை இடைவெளி விட்டு நாலு சுற்று. பூச்சி வயிற்றின் வரிகள் வந்துவிட்டன. இனிச் சிறகு: ஒளி ஊடுருவும் பாலிதீன் உறையில் அரிசி வடிவில் இரண்டு துண்டு வெட்டி, உடலோடு படியும்படி முதுகில் கட்டுங்கள். கடைசியாகச் சேவல் இறகு. அடித்தண்டைக் கட்டிவிட்டு நுனியைப் பிடித்து மூன்று சுற்று சுற்றினால் இழைகள் நாலாபக்கமும் விரியும். இவைதான் கால்கள், இவற்றின் பலத்தில்தான் பூச்சி மிதக்கும். காதுக்குப் பின்னால் மூன்று சுருக்கு முடிச்சு, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு.

காதுக்கு அருகே இடம் விடாமல் நெருக்கிக் கட்டுவதுதான் எல்லாரும் சறுக்கும் இடம். தங்கூசி நுழைய வழியில்லாமல் போய்விடும். தொடங்கும்போதே ஒரு நெல் அகலம் காலியாக விடுங்கள்.

விராலுக்குக் கட்டுவது வேறு. பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தில் கட்டைவிரல் அளவுக்குத் தவளை செதுக்கிப் பெரிய முள்ளில் ஒட்டுங்கள். பிளேடு ஒன்றும் பொறுமையும் போதும்.

வீசிப் பழக

அறுத்த வயலில், சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். முள்ளுக்குப் பதில் நூல் குஞ்சம் ஒன்றைக் கட்டுங்கள். கம்பைப் பின்னால் தூக்கி, கடிகாரத்தில் ஒரு மணி திசைக்கு வந்ததும் நிறுத்துங்கள். லைன் பின்னால் முழுக்க நீளும்வரை பொறுத்து, முன்னால் பத்து மணி திசையில் நிறுத்துங்கள். பொறுக்காமல் முன்னே இழுத்தால் சாட்டைபோல் ‘பட்’டென்று சத்தம் வரும். ஃப்ளை அறுந்ததென்று அர்த்தம். டெல்டா வயல்களுக்கு மேலே பம்பு செட்டுக்கு மின்கம்பி போகும். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். தலைக்கு மேலே பார்க்காமல் வீசவே கூடாது.

எங்கே, என்ன மீன்

அரசலாறு, குடமுருட்டி, காவிரி, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரம். மதகை ஒட்டிய சுழலில் வெள்ளிச்சியும் சிறு கெண்டையும் மேலாக மேயும், ஈசல் ஃப்ளை அங்கே. தேங்கிய நீரில் சிலேபி. 1952-ல் வெளிநாட்டிலிருந்து வந்து எல்லாக் குளத்தையும் பிடித்துக்கொண்ட மீன் அது. அதைத் திரும்ப விட வேண்டாம், வறுத்துச் சாப்பிடுங்கள். நாட்டுக் கெண்டையை விட்டுவிடுங்கள்.

விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்து ‘குளுக்’கென்று நீரைக் கலக்கிப் போகும். அந்த வட்டத்துக்குச் சற்றுத் தள்ளித் தவளையைப் போட்டு விட்டுவிட்டு இழுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மொய்த்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். காவல் போனால் குஞ்சு அத்தனையும் பிற மீனுக்கு இரை.

குளம், ஏரிகளைப் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைதாரரைக் கேட்காமல் போட்டால் சண்டைதான் மிஞ்சும். கோயில் குளங்களில் கூடவே கூடாது. மதகில் முன்னறிவிப்பின்றித் தண்ணீர் கூடும், ஆற்றுக்குள் இறங்கி நிற்காதீர்கள்.

ஒரு நாள் ஆனைக்கரைக்கு

கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணை இருக்கும் ஊர், கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் சாலையில். கடலிலிருந்து முட்டையிட ஏறி வந்த உல்லம் மீனை இந்த அணை மறித்தது. மதராஸ் அரசின் மீன் வல்லுநர் ஹெச். சி. வில்சன் 1909 வாக்கில் இங்கே உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தார். நீலகிரியில் ட்ரவுட்டை வேரூன்ற வைத்தவரும் இதே வில்சன்தான். கீழணைப் பக்கம் முதலை உண்டு, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரையில் நின்று பாருங்கள், மீன் வறுவல் சாப்பிடுங்கள், தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

இனி மலைக்கு

மயிலாடுதுறை–கோவை ஜனசதாப்தி கும்பகோணத்தில் நிற்கும், இரவுக்குள் கோவை. அங்கிருந்து மேட்டுப்பாளையம், உதகை. சொந்த வண்டியில் போனால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். ரயிலின் நேரமும் கிழமையும் மாறும், முன்பே சரிபாருங்கள்.

1863-ல் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் முட்டை கொண்டுவர முயன்று தோற்றார். வில்சன் காலத்தில்தான் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது. 1907-ல் தொடங்கிய அவலாஞ்சி மீன் பண்ணை உதகையிலிருந்து சுமார் 25 கி.மீ. அங்கே போகும்முன் உதகையில் மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு பற்றிக் கேளுங்கள். எந்த நீரில், எந்த மாதத்தில் அனுமதி என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வனத்துறை அனுமதி தனி. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் பேச்சே எடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் போகாதீர்கள்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்பக்கமாக நெருங்குங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ஃப்ளை மீனுக்கு ஒரு முழம் மேலே விழுந்து, தானாக மிதந்து வர வேண்டும். லைன் அதை இழுத்தால் மீன் திரும்பியும் பார்க்காது. முள்ளின் கொளுவியை (எதிர்முள்ளை) குறடால் நசுக்கிவிட்டுப் போங்கள், மீனுக்குக் காயம் குறையும். பிடித்ததைக் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து அது தானாக நழுவும்வரை விடாதீர்கள்.

உதகையிலும் ஃப்ளை விற்பார்கள் என்று நம்பிப் போகாமல், தாராசுரத்திலேயே ஒரு டஜன் கட்டி எடுத்துப் போங்கள். பாதியை மலைமரங்கள் வாங்கிக்கொள்ளும், மீதி மீனுக்கு.