குளியலறைக் குழாயும் நம் ஊர்த் தண்ணீரும்

முன்னுரை

நாள்தோறும் விடிந்ததும் நம் கை முதலில் தொடும் பொருள்களுள் ஒன்று குளியலறைக் குழாய். ஆயினும் அது எதனால் ஆனது, ஏன் அதனால் செய்யப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் குழாய் கையோடு பெயர்ந்து வரும்வரை நானும் கேட்டதில்லை.

என் தாயார் சிவகாசிக்கு அருகில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது முழங்கைவரை அலுமினியப் பொடி வெள்ளிபோல் ஒட்டியிருக்கும். குளித்த பின்னரே அடுப்பங்கரைக்குள் வருவார். எனவே எங்கள் வீட்டில் குளியலறை ஆடம்பரம் அன்று. வீட்டைப் புதுப்பித்தபோது பழைய பித்தளைக் குழாயை எடைக்குப் போட்டுவிட்டு, பளபளவென்று மின்னிய மலிவான குழாய் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். இரண்டே ஆண்டுகளில் அதன் கழுத்து முறிந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் சாக்கடையில் கலந்தது. அன்று மாலை அம்மா, விலைக்கு வாங்கி வைத்திருந்த குடிநீரில் கை கழுவினார்.

முறிந்த துண்டை நான் கல்லூரிக்கு எடுத்து வந்தேன். மேலே மெல்லிய மெருகு, உள்ளே சாம்பல் நிற உலோகம், அதன்மேல் உதிரும் வெள்ளைப் பொடி. "இது பித்தளையே அன்று; துத்தநாகக் கலவை வார்ப்பு" என்றார் எங்கள் வேதியியல் பேராசிரியர். இக்கட்டுரை அன்று பிறந்தது.

நம் நீரின் இயல்பு

பொருளைப் பற்றி அறியுமுன் நீரைப் பற்றி அறிய வேண்டும். விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் பூமி. பந்தல்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. இராமசாமிராஜா நகரில் சிமெண்டு ஆலை இருப்பதும் அதனாலேயே. இத்தகைய நிலத்தடியில் ஊறும் நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதல் இயல்பு. நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை; திரிந்து அழுக்காக மிதக்கும். அம்மாவின் கையிலிருந்து அலுமினியப் பொடி எளிதில் போகாததற்கும், வாளியின் உட்புறம் வெள்ளை படிவதற்கும் காரணம் ஒன்றே.

இரும்பும் பித்தளையும்

இரும்பு வலிமையானது, விலையும் குறைவு. ஆனால் நீரும் காற்றும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். எனவே மரைகள் இறுகிப்போகும். மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்து அடியிலுள்ள இரும்பையும் நீருக்குக் காட்டும். நாள்தோறும் திறந்து மூட வேண்டிய ஒன்றுக்கு இது ஆகாது.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா சொன்னார்: "எங்க மருந்து ரூமுலயும் இரும்பு ஆகாது தாயி. பித்தளைதான், இல்லைன்னா மரம்." உண்மைதான். ஆனால் அங்கே காரணம் வேறு. இரும்பு, கல்லிலோ இரும்பிலோ உராய்ந்தால் தீப்பொறி பறக்கும்; பித்தளையில் அந்த ஆபத்து மிகக் குறைவு. ஒரே உலோகம், ஓரிடத்தில் தீக்காகவும் மற்றோரிடத்தில் நீருக்காகவும் தேர்ந்தெடுக்கப்படுகிறது!

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. துரு ஏறாது, வார்க்கவும் கடையவும் எளிது, மரை நுட்பமாக விழும். தேய்ந்தால் வாஷரை மட்டும் மாற்றி மீண்டும் பல ஆண்டுகள் ஓட்டலாம். குறைகளும் உண்டு. குளோரைடு மிகுந்த உப்பு நீரில், பித்தளையிலுள்ள துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில், துளைகள் நிறைந்த, வலுவற்ற செம்பு. கனமான குழாய் இதை நெடுங்காலம் தாங்கும். தகடுபோல் மெல்லிய குழாய் தாங்காது. மேலும், கடைவதற்கு எளிதாகச் சிறிதளவு காரீயமும் பித்தளையில் சேர்ப்பதுண்டு. அமெரிக்காவில் குடிநீர் படும் பரப்பில் ஈய அளவு சராசரியாக 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2014 முதல் நடைமுறையில் உள்ளது. இரவு முழுவதும் குழாயில் தேங்கிய முதல் நீரைக் குடிக்காமல், வாளியில் பிடித்துத் துவைக்கப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

மெருகின் பணி

நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதை நாம் அறிவோம். புளிக்குழம்பு பித்தளையைத் தொடாமல் காக்க அந்தப் பூச்சு உதவியது. குழாயின் குரோமிய மெருகும் அதுபோன்றதே. முதலில் நிக்கல், அதன்மேல் ஒரு மைக்ரானைவிடவும் மெல்லிய குரோமியம். காற்றுப் பட்டதும் குரோமியம் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் படலம் தானே மீண்டும் தோன்றும். 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகின் மறைபொருளும் இந்தக் குரோமியமே.

ஆனால் மெருகு சட்டை மாத்திரமே, உடல் அன்று. எங்கள் குழாயில் சட்டை கிழிந்ததும் உள்ளிருந்த துத்தநாகக் கலவையை உப்பு நீர் தின்றுவிட்டது.

பீங்கானும் நெகிழியும்

சுட்ட மண் நீரில் கரையாது என்பதைத் தமிழர் முன்பே அறிந்திருந்தனர். கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட சுடுமண் உறைகிணறுகளே சான்று. ஆயினும் சாதாரணச் சுடுமண் நீரை உறிஞ்சும். மண்பானை நீர் குளிர்வதும் அதனாலேயே. கழிப்பறைக் கோப்பைக்கு இக்குணம் ஆகாது. எனவே வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்சு ஆகியவற்றைச் சேர்த்து, ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் சுடுகின்றனர். பெல்ஸ்பார் உருகித் துளைகளை அடைக்கும். மேலே கண்ணாடிப் பூச்சு. அழுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தின் வெண்களிமண்ணைக் கொண்டு வடலூரில் இத்தகைய பீங்கான் பொருள்கள் செய்யப்பட்டன. இராணிப்பேட்டையும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கானின் குறை, அடித்தால் உடையும் என்பதே.

நெகிழி எனப்படும் பிளாஸ்டிக்கை உப்பு நீர் தின்னாது. கழிப்பறை நீர்த்தொட்டிக்கும் சுவருக்குள் செல்லும் குழாய்க்கும் அது மிகப் பொருத்தம். ஆனால் நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் காய்ந்தால் நொறுங்கும்; சாதாரணப் பிவிசி சுடுநீரையும் தாங்காது.

ஓர் எச்சரிக்கை

உப்புக்கறை போக நம்மில் பலர் கழிப்பறை அமிலத்தைக் குழாய்மீதே ஊற்றுகிறோம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீங்கான் அதைத் தாங்கும். மெருகும் பித்தளையும் சிமெண்டுத் தரையும் தாங்கா. நாங்களும் ஊற்றினோம், எங்கள் குழாயின் சட்டையை முதலில் கிழித்தது நம் கையே என்று இப்போது எண்ணுகிறேன். எலுமிச்சை மூடியால் தேய்த்து உடனே கழுவினால் கறை போதிய அளவு கரையும். அமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு வெளிவரும்.

முடிவுரை

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல். மாதத்துக்கு ஏறத்தாழ 130 லிட்டர். குடத்துக்குக் காத்திருக்கும் ஊரில் இது சிறு இழப்பன்று.

எப்பொருளும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ அன்று. எந்த நீருக்கு, எந்த இடத்துக்கு, எந்த வேலைக்கு என்பதே கேள்வி. கடையில் குழாயைக் கையில் தூக்கிக் கனம் பாருங்கள். உள்மரையின் நிறம் மஞ்சளா சாம்பலா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது நீர்த்தொட்டிக்கு நெகிழிக் குழாய். குளியலறையில் கனமான பித்தளைக் குழாய். அம்மா வேலை முடிந்து வந்து அதைத் திருகும் ஓசை கேட்கும்போது, வகுப்பில் படித்த வேதியியல் வீட்டுக்குள்ளும் பயன்பட்டது என்ற நிறைவு எனக்கு உண்டாகிறது.