கத்தரியில் புழு பரவுவது எப்படி?

கத்தரிக்காய் இல்லாத சந்தை உண்டா? மேற்கு வங்கம், ஒடிசா, பீகார், குஜராத் என்று நம் நாட்டின் பல மாநிலங்களில் கத்தரி விளைகிறது. விளையும் இடமெல்லாம் அதற்கு ஓர் எதிரியும் இருக்கிறது. சொத்தைக் காயை வெட்டினால் உள்ளே ஒரு புழு நெளியும். அதுதான் தண்டு மற்றும் காய்த் துளைப்பான்.

இந்தப் புழு எங்கிருந்து வருகிறது?

இரவில் சிறிய வெள்ளை அந்துப்பூச்சி வயலுக்குள் பறந்து வருகிறது. அதன் இறக்கையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். தாய்ப்பூச்சி இலையின் அடியில் முட்டை இடும். ஒரே இடத்தில் குவிக்காது. செடி செடியாகப் போய் ஒவ்வொன்றாக இடும். ஒரு பூச்சி 200 முட்டை வரைகூட இடும். ஒரு செடியில் தொடங்கிய தொல்லை வயல் முழுவதும் பரவுவது இப்படித்தான்.

சில நாளில் முட்டை பொரியும். புழு குருத்தைத் துளைத்து உள்ளே போகும். குருத்து வாடித் தலை சாயும். காய்ப்பு வந்ததும் காயைத் துளைக்கும். நுழைந்த ஓட்டையைத் தன் கழிவால் அடைத்துக்கொள்ளும். வளர்ந்த புழு வெளியே வந்து, கீழே கிடக்கும் சருகில் கூடு கட்டும். கூட்டிலிருந்து மறுபடியும் அந்துப்பூச்சி வரும். முட்டை முதல் பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம்.

மருந்துக்கு ஏன் கட்டுப்படுவதில்லை?

புழு காய்க்குள் இருக்கிறது. மருந்து காயின் மேல் படுகிறது. புழுவை அழிக்கும் குளவிகளோ மருந்தில் செத்துப்போகின்றன. கைக்காசும் போகிறது. மருந்து பட்ட காயை நம் பிள்ளைகளும் தின்கிறார்கள்.

நாமும் பரப்புகிறோம்

அறுவடை முடிந்த செடிகளை விறகுக்காக வரப்பில் அடுக்குகிறோம். அதில் உள்ள கூடுகளிலிருந்து பூச்சிகள் வெளிவந்து புது நடவுக்குப் போகின்றன. சொத்தைக் காயை வயலோரம் வீசுகிறோம். அதிலிருந்தும் புழு வெளிவருகிறது.

பக்கத்து வயல்காரர்கள் இருவர் பேசுவதைக் கேளுங்கள்.

"அண்ணே, உங்க வரப்புல காய்ஞ்ச கத்தரிச் செடி குவிஞ்சு கிடக்கு. பூச்சி எங்க நாத்துக்கு வருது."

"அடுப்புக்கு வேணுமே, தங்கச்சி!"

"பழைய செடியைச் சீக்கிரம் எரிச்சு முடிச்சிடுங்க. உங்க புது நடவுக்கும் அதுதான் நல்லது."

என்ன செய்யலாம்?

1. வாரம் ஒரு முறை வயலைச் சுற்றி வாருங்கள். வாடிய குருத்தைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வெட்டி எரியுங்கள்.
2. சொத்தைக் காயைப் பறித்து ஆழமாகப் புதையுங்கள்.
3. பழைய கத்தரி வயலுக்குப் பக்கத்தில் நாற்று விடாதீர்கள்.
4. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஆண் பூச்சிகள் அதில் விழும்.
5. கத்தரிக்குப் பின் கத்தரியே போடாதீர்கள். தக்காளி, உருளைக்கிழங்கும் வேண்டாம். வெண்டை, பயறு போடலாம்.

பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் மட்டும் செய்தால் பலன் குறைவு. அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்தால் எல்லார் வயலும் பிழைக்கும்.

பதில் சொல்லுங்கள்

1. வாடிய குருத்து எதைக் காட்டுகிறது?
2. புழு எங்கே கூடு கட்டுகிறது?
3. உங்கள் ஊரில் பழைய செடிகளை என்ன செய்கிறார்கள்? கூடிப் பேசுங்கள்.