அரிசிப் பையும் அழகிய கடனும்

சகோதர வணிகர்களே! நோன்பு மாதத்தில் சுங்கை வேயில் நம் கடை வாசல்களில் அரிசிப் பைக்காக வரிசை நிற்கிறது. வருஷந்தோறும் அதே முகங்கள். சென்ற ஆண்டு ஒரு தாயின் பக்கத்தில் அவள் மகளும் நிற்கக் கண்டோம். வெட்கப்பட வேண்டியவர் அவர்களா, நாமா?

பசித்தவருக்கு அரிசி கொடுப்பது கடமை, அதில் தர்க்கமில்லை. அரிசி தீர்ந்தபின் அக்குடும்பம் பழைய இடத்திலேயே நிற்கிறதே, அதுதான் நம் பேச்சு.

1976-இல் வங்காள தேசத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் ஜோப்ரா என்னும் கிராமத்தில் விசாரித்தார். 42 பேரைக் கட்டிப்போட்டிருந்த கடன் மொத்தம் 27 டாலர்தான்! கடன் கொடுத்தவர்கள் யார்? வியாபாரிகள். செய்த பொருளைத் தாங்கள் சொன்ன விலைக்கே தர வேண்டுமென்பது அவர்கள் நிபந்தனை. (நம் தொழிலாரைப் பற்றிய செய்தி, கசந்தாலும் கேட்டுக்கொள்வோம்.) அவ்விசாரணையின் விளைவே 1983-இல் அமைந்த கிராமீன் வங்கி.

அம்முறையை நம் சிலாங்கூரின் வடமேற்குப் பகுதியிலேயே 1986-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். 1987-இல் அது அமானா இக்தியார் மலேசியா என்னும் அறநிறுவனமாயிற்று. ஐந்து பெண்கள் ஒருவரையொருவர் தாங்களே தேர்ந்து குழுவாகச் சேர்வர். ஈடு கேட்பதில்லை, வட்டியில்லை, நிர்வாகக் கட்டணம் மட்டும் உண்டு. கிராமீன் ஒழுங்குப்படி முதலில் இருவருக்குக் கடன், அவர்கள் தவணை கட்டிவந்தால் அடுத்த இருவருக்கு, தலைவிக்குக் கடைசியில். தலைவர் கடைசியில் வாங்கும் சங்கத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? வாராவாரம் சிறு தொகையாகக் கட்டுவதால், காலையில் நாசி லெமாக் விற்பவளுக்கும் அது பாரமாவதில்லை.

நாமும் ஒருகால் கடன் கொடுத்துப் பார்த்தோம். பணம் திரும்பவில்லை. ஏழைகளை நம்பலாகாது என்று பேரேட்டை மூடினோம். ஆனால் அவர்களைச் சிபாரிசு செய்தவர் யார்? நம் நிர்வாகிகளே. எந்த வீட்டில் உழைப்பு உண்டு, எந்த வீட்டில் பணம் சூதில் போகும் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியும். காரியதரிசிக்கு எப்படித் தெரியும்?

இம்முறையிலும் ஆபத்துண்டு. ஒருத்தி நோயில் விழுந்தால் மற்ற நால்வரும் அவளை நெருக்குவர். ஆகவே நோய்க்கும் மரணத்துக்கும் தனி நிதி முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

ஜகாத்தைப் பற்றி நாம் பேசவில்லை. அதைச் சிலாங்கூர் ஜகாத் வாரியம் கவனிக்கிறது. நாம் கேட்பது சதகாவில் ஒரு பங்கு. வரும் நோன்பில் நான்கு அரிசிப் பைக்கு ஒரு பையின் கிரயத்தை அழகிய கடனுக்கென எடுத்துவைத்து, இரண்டு குழுக்களோடு தொடங்கலாம். எவரெவர் சேர்வதென்பதை அப்பெண்களே முடிவு செய்யட்டும். பேரேட்டையும் அவர்களிடமே கொடுப்போம்.