காரை உரித்த கோயில்

அன்புள்ள தம்பி,

பழைய கோவாவுக்குப் போய்வந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. போம் ஜீசஸ் பசிலிக்காவின் சிவந்த சுவர்களைப் புகழ்ந்துவிட்டு, “இந்த 400 ஆண்டு அழகின்மேல் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும் என்கிறார்களே, நியாயமா?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. பூசுவதுதான் நியாயம்.

கோயிலின் வயது சரி. 1594இல் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் நீ கண்ட சிவப்புக்கு அந்த வயது கிடையாது. 1950களில் போர்ச்சுகலிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்த்ரோ, தொன்மைத் தோற்றம் வரட்டும் என்று வெளிக்காரையை உரித்தெடுத்தார். அதற்கு முன் பல தலைமுறைகள் பார்த்தது காரை பூசிய கோயிலை.

சுவர் செம்புரைக்கல். தோண்டும்போது கோடரிக்கே வெட்டுப்படும். காற்றுப் பட்டால் இறுகும். இறுகினாலும் உடம்பெல்லாம் துளை, துளைக்குள் களிமண். கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. காரை இல்லாத சுவரில் அந்த மழை களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். மிஞ்சும் கூடு உதிரும். காரை அந்தக் கல்லுக்குத் தோல். தோலை உரித்துவிட்டு நிறம் அழகு என்பதா?

கட்டியவர்களுக்கு இது தெரியும். முகப்பில் தூண்களுக்கும் நுண்செதுக்கு வேலைகளுக்கும் செம்புரைக்கல்லை நம்பாமல், வடக்கே வசாய் நகரிலிருந்து கருங்கல் வரவழைத்தார்கள். உச்சியில் இயேசு சபையின் முத்திரையைப் பார்த்திருப்பாய். காட்ட வேண்டியதற்கு ஒரு கல், தாங்க வேண்டியதற்கு ஒரு கல். இந்தப் பாகுபாடு பிடிபட்டால் பழைய கோவா முழுவதையும் படித்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். அருகிலேயே அகுஸ்தீனார் கோயில் இடிபாடு இருக்கிறதே, கைவிடப்பட்ட செம்புரைக்கல்லின் கதி அதுதான். 1842இல் வளைவுக்கூரை விழுந்தது, 1931இல் முகப்பு சரிந்தது. கோபுரத்தின் ஒரு பகுதிதான் மிச்சம்.

அந்தக்கால கோவாவை அறிய பிரெஞ்சுப் பயணி பிரான்சுவா பிரார் எழுதிய நூலைப் படி. 1608இல் அவர் வந்தபோது இந்தக் கோயில் புத்தம் புதிது. நோயாளியாகக் கிடந்த அரச மருத்துவமனையை அவர் வியந்து எழுதும் பக்கங்களுக்குத்தான் நான் அடிக்கடி திரும்புவேன். ஒரு கட்டடம் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்று கவனித்தவர் அவர். இன்றைய பயணிகள் படம் எடுப்பதோடு சரி.

நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த சவேரியாரின் உடல் போம் ஜீசஸ் கோயிலில்தான் இருக்கிறது. 1698இல் சிற்பி ஃபொஜினியின் கைவண்ணத்தில் முடிந்த பளிங்குக் கல்லறையை நீ வர்ணித்தது நன்று. அந்தப் பளிங்குக்குக் காட்டும் அக்கறையை வெளிச்சுவருக்கும் காட்டு. பழைய கட்டடம் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் அதன் கல் எது, பூச்சு எது, பூச்சு எப்போது போயிற்று என்று கேட்டுப் பழகு. அழகைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

அன்புடன்,
உன் ஆசிரியன்